அண்ணன் பெயரில் செய்தவை

கைத்தடி காதோரம் விழுந்தது. இரண்டாவது அடிக்கு நாற்காலியில் இருந்தவர் குனிந்துகொண்டார். தடி அலமாரிக் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி இறங்கித் தரையில் நொறுங்கியது. மூன்றாவது அடி தோளில். அடித்தவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நான்காவது அடிக்குக் கையைத் தூக்கினார்.

அது விழவில்லை. நாற்காலியில் இருந்தவர் எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. ஒரு கை தடியைப் பிடித்தது. இன்னொரு கை கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தள்ளியது. கட்டைவிரல் தொண்டைக்குழிக்குள் இறங்கியது. அவர் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்த வேலையைச் செய்கிற முகம். சுவரில் இருந்தவரின் குதிகால்கள் எழும்பின. ரப்பர் செருப்பு ஒன்று கழன்று கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் விழுந்தது. அவர் நாக்கு வெளியே வந்தது.

ஜெயம் சமையலறையிலிருந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவந்து இரண்டு பேர் மேலும் ஊற்றினாள். நாய்ச் சண்டையை அப்படித்தான் பிரிப்பார்கள்.

"வுடு. உங்கண்ணன்யா அது. வுடு."

கட்டைவிரல் விலகியது. சுவரில் இருந்தவர் சரிந்து ஈரத்தில் உட்கார்ந்தார். இருமினார். இருமி முடித்ததும் பேசினார். குரல் கிழிந்திருந்தது.

"உருளக்கெழங்கு உரிச்சேன்னு சொன்னியேடா. உருளக்கெழங்கு உரிச்சதுக்கா மெடலு குடுக்கறான்?"

தம்பி தன் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

இது 2004 நவம்பர் பத்தாம் தேதி, புதன்கிழமை காலை, உப்பளம் பகுதியில் தம்பியின் வீட்டில் நடந்தது. அண்ணனுக்கு எழுபத்து நான்கு வயது. கருவடிக்குப்பத்தில் இருந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஒன்பது வருடம். தம்பிக்கு எழுபத்தொன்று. பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்தவர். தெருவில் அவரைச் சொல்தா என்பார்கள். அப்படி இருந்துவிட்டு வந்த எல்லாரையும் அப்படித்தான் சொல்வார்கள். ஜெயம் அவர் மனைவி.

அரை மணி நேரம் முன்னால் ஆந்தனி வந்திருந்தார். அவரும் சொல்தா. அடுத்த நாள் காலை கடற்கரைப் போர் நினைவிடத்தில் விழா. ஐம்பது வருடம் தாமதமாகத் தம்பிக்கு ஒரு மெடல் வந்திருந்தது. எங்கே உட்கார வேண்டும், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்றெல்லாம் ஆந்தனி சொல்லிக்கொடுத்தார். மெடலோடு வாசிக்கப்போகிற வாசகத்தைத் தமிழில் படித்துக் காட்டினார். நல்ல சத்தமான குரல்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்திரண்டு அக்டோபர் மாசம் தொங்கின் போர்முனைல, தண்ணிக்குள்ள பதுங்கி இருந்த எதிரியைத் தனி ஆளா எதிர்கொண்டு, தன் படைப் பிரிவைக் காப்பாத்தின வீரத்துக்காக, சொல்தா கிருஷ்ணசாமிக்கு. எப்பிடி, முசே? கேக்கும்போதே சிலுக்குது இல்ல?"

பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். ஆந்தனி போகும்வரை காத்திருந்தார். பிறகு, "இன்னாடா இது?" என்றார். தம்பி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். சமையல் கொட்டகை. உருளைக்கிழங்கு. முப்பத்தொன்பது வருடமாக எல்லாருக்கும் சொன்னது அதுதான். அப்போதுதான் தடி எழுந்தது.

அண்ணனின் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கிருஷ்ணசாமி அவர் பெயர்.

1950இல் பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். கடல் தாண்டி சைகோன் சண்டைக்கு அனுப்ப. அண்ணனுக்கு இருபது வயது. உயரம் பார்த்தார்கள், மார்பு அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை பிறப்புச் சீட்டோடு வா என்றார்கள். சனிக்கிழமையே தம்பி அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்து அண்ணனின் சீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பதினேழு வயது. தன் சீட்டைக் காட்டினால் எடுக்க மாட்டார்கள். ஏன் போனார் என்று கடைசிவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரு தடவை சாப்பாடு என்பார். ஒரு தடவை பூட்ஸ் என்பார். திங்கட்கிழமை அண்ணன் பெட்டியை மூன்று தடவை கொட்டித் தேடிவிட்டுச் சீட்டு இல்லாமலே போனார். குமாஸ்தா ஏட்டைப் பார்த்தார். கிருஷ்ணசாமி சனிக்கிழமையே கையெழுத்துப் போட்டாயிற்று என்றார். இன்னொரு கிருஷ்ணசாமி வேண்டாம் என்றார்.

அம்மா ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் பெட்டியில் மிச்சம் இருந்த சீட்டை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். "அவன் ஒம் பேர்ல போய்ட்டான். நீ அவம் பேர்ல இரு" என்றாள். அந்தச் சீட்டைக் காட்டி அண்ணன் மில்லில் சேர்ந்தார். சம்பள ஏட்டில், ரேஷன் கார்டில், கல்யாணப் பத்திரிகையில், வாக்காளர் அட்டையில் அவர் தணிகாசலம். மில் கணக்கில் அவருக்கு வயதாகி வெளியே அனுப்பியபோது உண்மையில் மூன்று வருடம் அதிகமாக உழைத்திருந்தார்.

தம்பி, சீட்டுப்படி கிருஷ்ணசாமி, பதினைந்து வருடம் கழித்து வந்தார். அடுத்த வருடம் ஜெயத்தைக் கட்டினார். கட்டின முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தார். ஜெயம் தைப்பாள். கையால் சுற்றுகிற மெஷின், அவள் அப்பா கொடுத்தது. ஒரு நாள் மத்தியானம் அவள் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அவர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். மெஷினைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அது உடையும்வரை அடித்தார். பிறகு, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த அவள் வலது கையைப் பிடித்து மணிக்கட்டில் முறித்தார். ஆஸ்பத்திரியில், வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். இன்றைக்கும் அந்தக் கையால் குடம் தூக்க முடியாது. காலையில் தூக்கியது இடது கையால்.

சாராயக்கடையில் ஒருத்தன் தோளில் தட்டினான் என்பதற்காக அவன் முகத்தில் பாட்டிலை இறக்கினார். அவன் ஒரு கண்ணோடு இன்னும் நெல்லித்தோப்பில் இருக்கிறான். மகன் ஹரிகிருஷ்ணனின் தோள் எலும்பு இரண்டு தடவை உடைந்தது. அவன் பதினெட்டு வயதில் பாரீசுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அம்மாவிடம் பேசுவான். போனை அவரிடம் கொடு என்று ஒரு தடவையும் சொன்னதில்லை.

இவ்வளவு இருந்தும் அவருக்கு இருந்த பயம் ஒன்றுதான், தன் சொந்தப் பெயரைக் கூப்பிட ஆள் இல்லாமல் போய்விடும் என்று. சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் அவர் ஒரு நொடி கழித்தே திரும்புவார். ஜெயம் கட்டினவர் பெயரைச் சொல்லாத தலைமுறை. அம்மா செத்த பிறகு அவரைத் தணிகாசலம் என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஆள் மிச்சம். அண்ணன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் பிடித்து வருவார். வாசலில் நின்று, "டேய் தணிகா" என்பார். ஒரு காப்பி குடிப்பார். போய்விடுவார். வேறு ஒன்றும் பேச மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி எங்கும் போவதில்லை.

அந்த வாரம் அண்ணன் புதன்கிழமையே வந்ததற்கு வேறு காரணம். திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நெஞ்சில் தண்ணீர். பொங்கல் தாண்டாது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

ஜெயம் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினாள். அண்ணனுக்கு ஒரு துவாலை கொடுத்தாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டார். தொண்டையில் விரல் தடம் சிவந்து இருந்தது. தம்பியின் காதிலிருந்து ரத்தம் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

"பொங்கலுக்கு நான் இருக்க மாட்டேன்டா" என்றார் அண்ணன். "செவுத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவீங்க. அதுல எம் பேரு இருக்கணும். சொந்தப் பேரு. கிருஷ்ணசாமி. பொழைக்கத்தான் முடியல. சாவறதாவது எம் பேர்ல சாவறேன். அத கேக்கத்தான் வந்தேன்."

"போடச் சொல்றேண்ணா."

"இரு. முடிக்கல. அந்த ஆந்தனி படிச்சத கேட்டப்புறம் வேற மாரி ஆயிடிச்சி. வாடகை சைக்கிள திருப்பி வாங்கறவன்கூட எங்க அடிபட்டிருக்கு, எது வளஞ்சிருக்குன்னு பாத்துதான் வாங்கறான். அம்பத்தி நாலு வருசம் ஓட்டிக்கினு வந்திருக்க. இன்னா இன்னா பண்ணேன்னு சொல்லு."

"மறந்துட்டேன்."

"மறந்தவன் கழுத்த அப்பிடிப் புடிக்க மாட்டான்."

தெருவில் ஒரு சரவெடி வெடித்தது. நாளை மறுநாள் தீபாவளி. தம்பி அசையவில்லை.

"சொல்லு. இல்லன்னா நாளைக்கு அந்தப் பேர கூப்புடுவான் இல்ல, நான் எழுந்து போவேன். எம் பேரு, நான்தான் எழுந்திருப்பேன். மைக்குல எல்லாத்தையும் சொல்லுவேன்."

"சொல்லிக்க. மெடல நீயே குத்திக்க."

"மயிரு மெடலு. எனக்கு எதுக்குடா? மேல போயி நிக்கப்போறது நானு. கிருஷ்ணசாமி வான்னு கூப்புடுவான். நீ இன்னா பண்ண, சொல்லுன்னு கேப்பான். எனக்கு மில்லுல பாவு ஓட்னது மட்டுந்தான் தெரியும். எனக்குத் தெரியாதுன்னு சொன்னா வுடுவானா?"

ஜெயம் சிரித்துவிட்டாள். அண்ணனும் சிரிக்கப் பார்த்து இருமினார். இருமல் நிற்க நேரமாயிற்று. எச்சிலில் சிவப்பு இருந்தது. தம்பி அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து அண்ணனுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"தொலவுலேர்ந்து சுட்டது தெரியாது. யாரு குண்டு யாரு மேலன்னு எவனுக்கும் தெரியாது" என்றார். "தெரிஞ்சது ரெண்டு."

"சொல்லு."

"ஆந்தனி படிச்சானே, அது ஒண்ணு. ஒரு ஊருக்குள்ள போனோம். ஆள் இல்ல. அடுப்புல சோறு வெந்துகினு இருந்துது. வூட்டுக்குப் பின்னால கொளம். மேல முழுக்க ஆகாயத்தாமர. ஓரத்துல நாணல். நல்ல காத்து. எல்லா நாணலும் ஆடுது. ஒண்ணு மட்டும் ஆடல. நான்தான் பாத்தேன். யாரையும் கூப்புடல. எறங்கிப் போனேன். உள்ள ஆள் படுத்திருக்கு, அந்தக் குச்சி வழியா மூச்சு வுட்டுகினு. குச்சி வாயில கட்டவெரல வெச்சேன்."

அவர் வலது கட்டைவிரலைப் பார்த்தார்.

"இழுத்துது. கொழந்த பால் குடிக்கிற மாரி வெரல இழுத்துது. எடுக்கல. எண்ணினேன். நாப்பதுல தண்ணி பொங்கிச்சி. எழுந்து வந்துது. பொம்பள. வாய் முழுக்க சேறு. வயித்துல குத்தினேன். அது போதாதுன்னு விலாவுல. கத்தி எலும்புல மாட்டிக்கிச்சி. கால வெச்சி ஒதச்சி உருவினேன். மறுபடியும் தண்ணிக்குள்ளயே வுழுந்துட்டா."

"துப்பாக்கி வெச்சிருந்தாளா?"

"இடுப்புல ஒரு கதிரருவா. நம்ம ஊர் அருவா மாரியே இருந்துது."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டாவது?"

"அப்பால அல்ஜேரி நாட்டுக்கு அனுப்பினாங்க. அம்பத்தேழு. எனக்குக் கம்பி இழுக்கற வேல. டெலிபோன் பொட்டி தூக்கிகினு போவணும். பொட்டியில ஒரு கைப்பிடி. சுத்தினா கரண்டு வரும், மணி அடிக்கும். ரெண்டு ஒயர பொட்டியில மாட்டாம மனுசன் மேல மாட்டுவாங்க. நான் சுத்துவேன். லியூத்னா, எங்க ஆபிசரு, கேள்வி கேப்பாரு. அவரு கைய தூக்கினா சுத்தணும். எறக்கினா நிறுத்தணும்."

சமையலறை வாசலில் ஜெயம் துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"நெறைய பேருக்குச் சுத்தினேன். ஒருத்தன்தான் செத்தான். ரொட்டி சுடறவன். கை முழுக்க மாவு. புடிச்சிகினு வரும்போது கழுவ வுடல. ஒரு ஒயர் காதுல. ஒண்ணு கீழ. அவன் பல்லு கடிக்கிற சத்தம் கைப்பிடி சத்தத்தவிட அதிகமா இருந்துது. நாக்க கடிச்சித் துண்டா துப்பினான். லியூத்னா கைய தூக்கினாரு. அப்பால எறக்க மறந்துட்டாரு. சிகரெட் பத்த வெச்சிகினு இருந்தாரு. நான் சுத்திகினே இருந்தேன்."

"அதுக்காவா?" என்றாள் ஜெயம்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தாள். தம்பி ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"அவ்ளோதானா?" என்றார் அண்ணன்.

"இல்ல. ஒண்ணு இருக்கு. அவன் செத்ததும் லியூத்னா தாள்ல எழுதணும். யாரு சுத்தினதுன்னு கேட்டாரு. நான் அட்டென்ஷன்ல நின்னு சொன்னேன். கிருஷ்ணசாமி. சொன்ன ஒடனே எனக்கு லேசாயிடிச்சிண்ணா. எல்லாரும் ராத்திரில கத்துவானுங்க. குடிப்பானுங்க. ஒருத்தன் சுட்டுகினு செத்தான். நான் நல்லா தூங்கினேன். பண்ணது நான் இல்ல, கிருஷ்ணசாமி. கொளத்துலயும் அப்பிடித்தான். எண்ணும்போதே, கிருஷ்ணசாமி எண்ணறான்னு நெனச்சிகினுதான் எண்ணினேன். தணிகாசலம் இங்க அம்மாகிட்ட இருக்கான், மில்லுக்குப் போறான்னு நெனச்சிப்பேன். ஊருக்கு வந்தப்புறந்தான் தூக்கம் போச்சி."

தெருவில் வெடிகள் வெடித்தன. அண்ணன் கையூன்றி எழுந்தார். கழன்ற செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். அதில் கண்ணாடித் தூள் இருந்தது. உதறினார்.

"அந்தப் பேரு எனக்கு வாணாம்" என்றார். "நீயே வெச்சிக்க. என்னை தணிகாசலம்னே கொளுத்திடுங்க. போஸ்டர்ல அதையே போடுங்க. அவன் ஒண்ணும் பண்ணல. மில்லுக்குத்தான் போனான்."

"ண்ணா."

அண்ணன் படி இறங்கினார்.

"ண்ணா, தடி."

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினொன்றாம் தேதி காலையில் தூறல் இருந்தது. எட்டு மணிக்கு நின்றது. ஜெயம் கோட்டு எடுத்து வைத்திருந்தாள். காதுக்குப் பிளாஸ்திரி ஒட்டினாள். ஆந்தனி ஆட்டோ கொண்டுவந்தார். கடற்கரைச் சாலையில் நாற்காலிகள் ஈரமாக இருந்தன. பழைய சொல்தாக்கள் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மலர் வளையம் வைத்தார்கள். கொம்பு ஊதினார்கள். இரண்டு தேச கீதங்களும் வாசித்தார்கள்.

அண்ணன் ஒன்பதரைக்கு வந்தார். கயிறு கட்டியிருந்ததற்கு இந்தப் பக்கம், ஜனங்களோடு நின்றார். தலையை மொட்டை அடித்திருந்தார். வேட்டி நனைந்திருந்தது. கடலில் தலை முழுகிவிட்டு நேராக வந்திருந்தார். தீபாவளிக்கு முதல் நாள் மொட்டையைப் பார்த்து, பக்கத்தில் நின்றிருந்த ஒருவர், யார் தவறியது என்று கேட்டார்.

"தொலவுல" என்றார் அண்ணன். "ரெண்டு பேரு."

ஒலிபெருக்கியில் கிருஷ்ணசாமி என்று கூப்பிட்டார்கள். தம்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மறுபடியும் கூப்பிட்டார்கள். ஆந்தனி முழங்கையால் இடித்தார். தம்பி எழுந்து போனார். வாசகத்தைப் பிரெஞ்சில் படித்தார்கள், தமிழில் படித்தார்கள். மெடலைக் குத்தினார்கள். ஊசி சட்டையைத் தாண்டி லேசாக உள்ளே ஏறியது. அவர் அசையவில்லை.

பிறகு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். தம்பி இரண்டு டீ வாங்கிக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்தார். ஒன்றை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் வாங்கிக்கொண்டார். தம்பி தன் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"கிருஷ்ணசாமி" என்றார் அண்ணன். "டீ ஆறுது."

தம்பி ஒரு நொடி கழித்துத் திரும்பினார். டீயைக் குடித்தார்.

அண்ணன் பத்தே முக்காலுக்குக் கருவடிக்குப்பம் பஸ் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். மத்தியானம் உப்பளம் வீட்டுக்குக் கண்ணாடிக் கடை ஆள் வந்து அலமாரிக்கு அளவு எடுத்தான். தீபாவளி கழித்துத்தான் மாட்ட முடியும் என்றான். ரசீது யார் பெயரில் என்று கேட்டான். ஜெயம் தன் பெயரைச் சொன்னாள்.